ஒரு எடத்துல புடி, மிச்சத்தை விடு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. காத்தால இருந்து போனைப் பாத்துப் பாத்து மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே இருக்கறயே, என்ன சங்கதின்னு உங்கொம்மாகிட்டக் கேட்டேன். சித்தப்பன் மகன் ரிசப்சனுக்கு மேக்ஸி எடுக்கோணுமாம். பாத்ததெல்லாம் படத்துல நிக்கறவளுக்கு நல்லா இருக்குதாம், உனக்கு ஆகாதாம். அவளுக்கு நல்லா இல்லாம என்ன? முதுகுப் பக்கம் நாலு கிளிப்பப் போட்டு இழுத்துப் புடிச்சில்ல நிக்க வெச்சிருக்கறான்! நம்பிக்கை இல்லீன்னா, ஈரோட்டுக்குப் போறப்ப கடை வாசல்ல நிக்கற பொம்மைக்குப் பின்னால போய் எட்டிப் பாரு. முன்னால மகாராணி. பின்னால முச்சூடும் ஊக்கு. உனக்கும் அப்படி ஊக்குப் புடிக்க ஆளு வேணும்னா, ரிசப்சன் முடியற வரைக்கும் உங்கொப்பனைத்தான் பின்னாலயே கூட்டிட்டுத் திரியோணும்.

நான் சொல்லறதைக் கேளு. இதே திண்ணையில கால் மெஷினப் போட்டு ஊருக்கே ரவிக்கையும் பாவாடையும் தச்சவ நானு. எந்த ஊட்டுப் பொம்பளைக்கு எங்க சதை, எங்க எலும்புன்னு டாக்டருக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும். வெளிய ஒரு வார்த்தை விட்டதில்லை. விட்டிருந்தா இந்த ஊர்ல நாலு சம்பந்தம் முறிஞ்சிருக்கும்.

உன்ற போன்ல உடம்பைப் பழக்கணக்குல சொல்லறாங்களாமே. ஆப்பிளு, பேரிக்கா, அப்பறம் மணல் கடிகாரம். மணல் கடிகாரத்தை நீ எந்த ஊட்டுச் செவுத்துல பாத்திருக்கற? ஆப்பிளுங்கறது நமக்கு, காச்சல்ல படுத்தவனைப் பாக்கப் போறப்ப வாங்கிட்டுப் போறது. அந்தக் கணக்கை அக்கட்டால வை. உன்ற பழைய சுடிதார் டாப்பு ரெண்டை எடுத்துட்டு வா. எங்க தையல் இளகியிருக்குது பாக்கலாம். கைக்குழியிலயா? வயித்துக்கு நேராவா? சைடு ஓப்பன் ஆரம்பிக்கற மூலையிலயா? பாரு, உனக்கு சைடு ஓப்பன் மூலையிலதான் ரெண்டு பக்கமும் கிழிஞ்சு, மேல ஒட்டுத் தையல் வேற. உங்கொம்மா டாப்புல வயித்துக்கு நேரா. உன்ற அத்தை ரவிக்கையைக் கேக்கவே வேண்டாம், கைக்குழியில வருசா வருசம் ஒட்டுப் போட்டுக் குடுத்தவ நாந்தான். இதைப் பாத்தாப் போதும். எந்தப் பழமும் வேண்டாம்.

மேக்ஸிங்கறது தோள்ல இருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துணி. சீலையில எச்சாக் கெடக்கறதைக் கொசுவத்துல ஒளிக்கலாம், முந்தானியில தள்ளலாம். காத்தால ஒரு மாதிரி கட்டிப்போட்டு மத்தியானச் சோத்துக்கு அப்பறம் கொஞ்சம் எளக்கிக் கட்டிக்கலாம். இதுல அந்தச் சோலியே கெடையாது. அதனால துணியை ஒடம்புல ஒரே ஒரு எடத்துலதான் புடிக்கோணும். அதுக்குக் கீழ அது தானா விழோணும். எங்க புடிக்கறதுங்கறதுதான் ஆளுக்கு ஆள் மாறும். மிச்சமெல்லாம் பூவும் பாசியும்.

உன்ற சங்கதிக்கே வர்றேன். உனக்கு மேல சின்ன ஒடம்பு, கீழ பெருசு. என்னை மொறைக்காத, இது எங்காத்தாகிட்ட இருந்து எனக்கு வந்து, எங்கிட்ட இருந்து உங்கொப்பன் வழியா உனக்கு வந்த சொத்து. தோட்டம்தான் பங்கு பிரிச்சதுல போயிருச்சு, இதாச்சும் நின்னுதே. உனக்குப் புடிக்க வேண்டிய எடம் இடுப்பு. மெலிசா இருக்கற எடத்துல துணி ஒட்டி நிக்கோணும், அங்கிருந்து விரிஞ்சு எறங்கோணும். ஆனா விரியறதுக்குன்னு இடுப்புலயே சுருக்கு வெச்சுப்போடாத. அந்தச் சுருக்கு முச்சூடும் உன்ற சதைக்கு மேல ஏறி உக்காந்துக்கும். ஆறு பீஸ் பாவாடை தெரியுமல்ல? ஒவ்வொரு பீஸும் மேல குறுகலா, கீழ அகலமா வெட்டி ஒண்ணோட ஒண்ணு சேக்கறது. இடுப்புல ஒரு சுருக்கும் இருக்காது, காலுக்குக் கீழ மட்டும் வட்டமா விரியும். அதேதான் உனக்கு வேணும். ஆறு பத்தாதுன்னா எட்டுப் பீஸாக் கேளு.

உன்ற தம்பி சொல்லறான், 1955-ல பாரீசுல டியோர்னு ஒருத்தர் இங்கிலீசு ஏ எழுத்தாட்ட மேல குறுகி, கீழ விரியற துணியைக் காட்டி ‘ஏ-லைன்’னு பேர் வெச்சாராம். ஒலகமே கை தட்டுச்சாம். தட்டட்டும். அவரு பேரு வெச்சாரு, நாங்க நாடா வெச்சோம்.

அளவு எடுக்கறப்பவும் ஒரு சூது இருக்குது. எல்லாரும் இடுப்பை அளந்துபோட்டு நிறுத்திக்குவாங்க. உனக்கு அளக்க வேண்டியது இடுப்புக்கு ஒரு சாண் கீழ, எது அகலமோ அந்தச் சுத்து. அதையும் நின்னுக்கிட்டு மட்டும் அளக்காத, உக்காந்தும் அள. நிக்கறப்ப இருக்கற ஒடம்பு வேற, பந்தியில உக்காந்து எலை போட்டதுக்கு அப்பறம் இருக்கற ஒடம்பு வேற. மேல தோளுக்குக் கொஞ்சம் அகலம் குடு. படகுக் கழுத்து வெய்யி, கையில சின்னதா ஒரு பஃப் வெய்யி. கண்ணு அங்க போய் நிக்கும், கீழ எறங்க நேரமாகும். அதுக்குள்ள நீ நடந்து போயிருவ.

உங்கொம்மாவுக்கு இந்த வித்தை ஆகாது. அவளுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்துது, உன்னைப் பெத்தப்ப போயிருச்சு. அதைச் சொன்னா எம்மேல கோவம். எங்கயும் சுருங்காம நேரா வயித்துல போய் நிக்கற ஒடம்பு அது. அங்க போய் பெல்ட்டைக் கட்டுனா பெல்ட்டு மேல ஒரு வயிறு, கீழ ஒரு வயிறுன்னு ரெண்டாப் போயிரும். அவளுக்குப் புடிக்க வேண்டிய எடம் மாருக்குக் கீழ. அதுக்கும் பேரு இருக்குதாம், எம்பயர் கட்டு. நெப்போலியன் பொண்டாட்டி ஜோசபின் காலத்துல, அதாச்சு 1800-ஐ ஒட்டி, பிரான்சுப் பொம்பளைக அப்படித்தான் போட்டாங்களாம். நல்ல யோசனைதான். ஆனா ரெடிமேடுல வர்றதுல ரெண்டு கோளாறு. ஒண்ணு, அந்தத் தையல் மாருக்குக் கீழ வராம மாருக்கு மேலயே குறுக்கால ஓடும். அது ஆகவே ஆகாது. போட்டுப் பாக்கறப்ப ரெண்டு கையையும் மேல தூக்கிப் பாக்கச் சொல்லு. பஸ்ஸுல கம்பி புடிக்கறப்ப தையல் மேல ஏறிக்கிச்சுன்னா அப்படியே கழட்டிக் குடுத்துப்போடு. ரெண்டாவது, அந்தத் தையலுக்கு நேர் கீழ, முன்பக்கம் முச்சூடும் கொசகொசன்னு சுருக்கு வெச்சிருப்பான். அதைப் போட்டுக்கிட்டு உங்கொம்மா ரிசப்சனுக்கு வந்தா, முன் வரிசையில உக்காந்திருக்கற கெழவிக நாலு பேரும் உங்கொப்பனைக் கூப்புட்டு எத்தனை மாசம்னு கேப்பாங்க. முன்பக்கம் தட்டையா இருக்கோணும். சுருக்கு வேணும்னா ரெண்டு விலாப் பக்கமும் போகட்டும். கழுத்து ‘வி’யா எறங்கட்டும். வயித்தை மறைக்கறேன்னு அதுக்கு மேல பெரிய பூ ஒண்ணைப் போட்டுத் தருவானுக, அதையும் வாங்காத. பூ எங்கயோ கண்ணு அங்க.

கருப்பு எடுத்தா ஒல்லியாத் தெரியும்னு கடைக்காரப் பையன் சொல்லுவான். தெரியும், இல்லீங்கலை. ஆனா கல்யாணக் காரியத்துக்குக் கருப்பைப் போட்டுக்கிட்டுப் போய் நின்னா உங்க பெரியப்பன் வாசல்லயே நிறுத்தி நாயம் பேசுவாரு. மயில்கழுத்து எடு, அரக்கு எடு, அடர் பச்சை எடு. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நெறமா இருந்தாச் சேரி. கருப்பு செய்யற வேலையை அதுவே செஞ்சு போடும். பெரியப்பனும் சோத்துக்குப் போயிருவாரு.

உன்ற அத்தைக்குத் தோளும் மாரும் எச்சு, கீழ ஒண்ணுமில்லை. பெரிய ஊட்டு வாசக்கதவு, உள்ள போனா ஒத்தை ரூம்பு. அவ மாருக்கு ஆகற சைஸைப் பாத்து வாங்குவா, தோளு ரெண்டும் முழங்கைக்கு எறங்கிக் கெடக்கும். தோளுக்குப் பாத்து வாங்குனா பட்டன் தெறிக்கும். அவளுக்கு ஒண்ணு மேல ஒண்ணு மடிச்சுக் கட்டற மாதிரி, ராப்புன்னு சொல்லறாங்களே, அதுதான் சரி. 1974-ல அமெரிக்காவுல டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க்குன்னு ஒரு பொம்பளை கொண்டு வந்தாங்களாம், அதுவும் பனியன் துணியிலயாம். திருப்பூர்க்காரன் அன்னைக்கே முழிச்சிருந்தா வேற கதை! அது மாரு இருக்கறவளுக்கு மாரு அளவுக்கு விட்டுக் குடுக்கும், இடுப்புல முடிச்சுப் போட்டதும் நின்னுக்கும். ஒரே ஆபத்து காத்து. ஆடி மாசக் காத்துல பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் போற பஸ்ஸுல அதைப் போட்டுக்கிட்டு ஏறுனா ஊரே பாக்கும். உள்பக்கம் ரெண்டு எடத்துல பிரஸ் பட்டன் வெக்கச் சொல்லு.

சுருக்குக் கழுத்தும் மூடுன கழுத்தும் அவளுக்கு வேண்டாம். எதை வாங்குனாலும் தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடியற எடத்துல நிக்குதான்னு மொதல்ல பாக்கோணும். சைடுல புடிக்கறது, ஒயரம் கொறைக்கறது, டாட்டு வெக்கறது எல்லாம் டைலருக்குக் கால்மணி நேர வேலை. எறங்கிப் போன தோளை ஏத்தறதுன்னா கையைக் கழட்டிக் கைக்குழியை மறுக்கா வெட்டோணும். அதுக்குப் புதுசே தச்சுக்கலாம்.

சின்னவ இருக்கறாளே, உன்ற தங்கச்சி, அவளுக்கு மேலயும் கீழயும் ஒரே கோடு. அவ எதை வேணும்னாலும் போடட்டும், அடுக்கு வெச்சது, எலாஸ்டிக்குச் சுருக்கு வெச்சது, இடுப்புல துணிப் பட்டி கட்டறது. நமக்கு ஆகாத சுருக்கெல்லாம் அவளுக்குத்தான் ஆகும். உன்ற அண்ணன் பொண்டாட்டிக்கு நான் புத்தி சொல்லவே போறதில்லை. அவளுக்கு இடுப்பு இருக்க வேண்டிய எடத்துல இடுப்பு இருக்குது. அவளா ஒரு தொளதொளப்பை எடுத்துப் போட்டுக் கெடுத்துக்காம இருந்தாச் சேரி.

குள்ளமா இருக்கறவளுகளுக்குத்தான் இந்த மேக்ஸி நெம்பத் தொந்தரவு குடுக்கும். நம்மூட்டுல முக்காவாசிப் பேரு அஞ்சடிதான். அஞ்சடி ஆளுக்குத் தோள்ல இருந்து தரை வரைக்கும் 50 இஞ்சுக்குள்ளதான் வரும். கடையில தொங்கறது 54, 56 இஞ்சு. மிச்ச ஆறு இஞ்சு மண்டபத்தைக் கூட்டிக்கிட்டே வரும், கூலி குடுக்க மாட்டாங்க. சும்மா கீழ மடிச்சு அடிச்சாப் போதும்னு நெனைக்காத. கீழ மட்டும் கொறைச்சா இடுப்புத் தையல் நெட்டைக்காரிக்கு வெச்ச எடத்துலயே கெடக்கும், உனக்கு அது தொடைக்கு வந்துரும், காலு பாதியாத் தெரியும். மேல ஒரு ரெண்டு இஞ்சு, கீழ நாலு இஞ்சுன்னு பிரிச்சுக் கொறைக்கச் சொல்லு. அன்னைக்கு எந்தச் செருப்போ அதைப் போட்டுக்கிட்டு அள. கொலுசு தெரியற ஒயரம்தான் கணக்கு. கொலுசு வாங்கிக் குடுத்தவனுக்கும் மரியாதை.

குறுக்குக் கோடு போட்டா குண்டாத் தெரியும்னு எல்லாரும் சொல்லறதை நானும் காலமெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் துணி வெட்டுனேன். உன்ற தம்பி போன்ல ஒண்ணைக் காட்டறான். 1860-கள்லயே ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு ஒரு ஜெர்மனிக்காரர், ஒரே அளவு சதுரம் ரெண்டு போட்டு, குறுக்குக் கோடு போட்டது ஒயரமாவும் நெட்டுக் கோடு போட்டது அகலமாவும் தெரியுதுன்னு எழுதிட்டாராம். 2008-ல இங்கிலாந்துல யார்க் பல்கலைக்கழகத்துல பீட்டர் தாம்சன்னு ஒருத்தர் பொம்பளைக படத்தை வெச்சே சோதிச்சுப் பாத்து, குறுக்குக் கோடு குண்டாக் காட்டலைன்னு சொல்லியிருக்கறாராம். இருக்கட்டும். காயிதத்துல கோடு நேரா நிக்கும். ஒடம்பு மேல போறப்ப அது மேடு பள்ளத்துல வளைஞ்சுதானே போகோணும்? அந்த வளைவுதான் காட்டிக் குடுக்கும். மெல்லிசா, நெருக்கமா இருக்கற கோடு எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணும் பண்ணாது. அகலக் கோடு வேண்டாம். பவானி ஜமக்காளத்தைச் சுத்திக்கிட்டு வந்து நின்னா எந்தப் பல்கலைக்கழகமும் உன்னைக் காப்பாத்தாது.

கோட்டை விடு. துணியில கோட்டை விட்டாத்தான் காசு போகும். பனியன் துணி மேக்ஸி இருக்குதே, அது ஒட்டும். ஒடம்புல என்ன இருக்குதோ அதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கும், உள்பாவாடை நாடா முடிச்சைக் கூட விடாது. எடுக்கறதா இருந்தா ஜி.எஸ்.எம் எத்தனைன்னு கேளு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறதுதான் அது. திருப்பூர்ல பொறந்த கொழந்தைக்கும் தெரியும். டி-சர்ட்டுக்கு 180 ஓட்டுவாங்க, மேக்ஸிக்கு அதுக்கும் மேல இருந்தாத்தான் கனத்துல நேராத் தொங்கும். காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் மிச்சம்னு சல்லிசாக் குமிச்சிருப்பான், நல்ல சரக்கும் கெடைக்கும். ஆனா சீட்டுல போட்டிருக்கற நம்பரைப் பாத்து அழுவாத. இங்கிலாந்துக்குப் போறதுல 12-ன்னு இருக்கும், அமெரிக்காவுக்குப் போறதுல அதே ஒடம்புக்கு 8-ன்னு இருக்கும். கப்பல் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் நம்பரு. சந்தோசமா இருக்கோணும்னா அமெரிக்கச் சரக்கா வாங்கிக்க.

ரேயான் உனக்கு நல்லா விழும். ஈரோட்டுச் சுத்துவட்டாரத் தறியெல்லாம் அதைத்தான் ஓட்டுது. மரக்கூழ்ல இருந்து எடுக்கற நூலு அது, சிறுமுகைப் பக்கம் ஒரு காலத்துல அதுக்குன்னு ஆலையே இருந்துது. ஒடம்பைத் தொட்டும் தொடாம எறங்கும், பருத்தியாட்ட வெரைச்சுக்கிட்டு நிக்காது. ஆனா தண்ணி பட்டாச் சுருங்கும், நனைஞ்சா வலு போயிரும், முறுக்கிப் புழியக் கூடாது. தைக்கக் குடுக்கறதுக்கு முந்தி ராத்திரி தண்ணியில போட்டு, நெழல்ல காயவெச்சு அப்பறம் குடு. நனைக்காமக் குடுத்து மொதச் சலவையிலயே மேக்ஸி முழங்காலுக்கு வந்துபோட்டா, அது டைலர் குத்தமில்லை.

அம்பர்லா கட்டு தைக்கச் சொன்னா இன்னொண்ணு. அதுல துணி ஒரு எடத்துல நேர் நூல்ல வரும், ஒரு எடத்துல கிராஸ்ல வரும். கிராஸ்ல வர்றது தொங்கத் தொங்க நீளும். அதனால தச்சு முடிச்ச ஒடனே ஓரம் அடிக்கக் கூடாது. ஒரு ராத்திரி ஹேங்கர்ல தொங்க விட்டு, எறங்கற எடமெல்லாம் எறங்குனதுக்கு அப்பறம் தரையில இருந்து அளந்து, எச்சானதை வெட்டிப்போட்டு ஓரம் அடிக்கோணும். இன்னைக்குக் குடுத்து நாளைக்குக் காத்தால வேணும்னு நின்னீன்னா டைலரு அப்படியே அடிச்சுத்தான் குடுப்பான். ரிசப்சன்ல முன்னால கணுக்காலு, சைடுல தரை. எல்லாரும் நீ சாஞ்சு நிக்கறதா நெனைச்சுக்குவாங்க. லைனிங்கும் உள்ள தனியா விழோணும், மேல் துணியோட கீழ சேத்து அடிச்சாப் பை கட்டிக்கும். சைடுத் தையல்ல ஒரு இஞ்சாச்சும் உள்ள துணி விட்டு வெக்கச் சொல்லு. எதுக்கா? நீ கண்ணாலம் பண்ணிக்கிட்டு எங்கூட்டுச் சமையலை விட்டுப் போறப்பத் தெரியும்.

கடையில கண்ணாடி முன்னால நின்னு வயித்தை எக்கிக்கிட்டுப் பாக்காத. மூச்சை விட்டுப்போட்டுப் பாரு, மூணு மணி நேரம் எக்கிக்கிட்டு நிக்க முடியுமா? குனி, நாலு படி ஏறு, சம்மணம் போட்டு உக்காரு. டிரையல் ரூம்ல உக்கார எடமில்லைன்னா வெளிய வந்து உக்காரு, என்ன பண்ணுவான்? முன்னால பாத்தது போதாது, பின்னாலயும் பாரு. மண்டபத்துல உன்னைப் பாக்கறவங்கள்ல பாதிப் பேரு பின்னால இருந்துதான் பாப்பாங்க, அவிய வாய்தான் நீளம்.

போறப்ப உங்கண்ணன் வண்டியில போனீன்னா துணியச் சுருட்டி மடியில வெச்சுக்க. அவன் அழகுக்குன்னு சேலை கார்டைக் கழட்டி வெச்சிருக்கறான், நான் பாத்தேன். 1989-ல போட்ட மோட்டார் வாகன விதியிலயே பின்சக்கரத்துல பாதிக்குக் கொறையாம மறைச்சிருக்கோணும்னு இருக்குது. அதை மாட்டுனாத்தான் எம்பேத்தி ஏறுவான்னு சொல்லிப்போடு. மாட்ட மாட்டீன்னா பஸ்ஸுலயே போ, பதினோரு மணிக்கு ஒண்ணு வருது.

வெலை பேசறதுக்கு ஒரு கணக்குச் சொல்லிப்போடறேன். கடைக்காரப் பையன் உங்கொம்மாவை ‘அக்கா’ன்னு கூப்புட்டா அம்பது ரூவா கொறைச்சுக் கேளு. ‘ஆன்ட்டி’ன்னு கூப்புட்டா நூறு கொறை. உன்னையே ‘ஆன்ட்டி’ன்னு கூப்புட்டான்னா, ஓசியில லைனிங் துணியும் கேட்டு வாங்கிட்டு வந்துரு.